ஒளிவதும் ஒரு வீரமா?

மதுரைக்குக் கடல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தொண்டிக்கோ, இராமேசுவரத்துக்கோ, தூத்துக்குடிக்கோ போக வேண்டும். ஊரின் நடுவே போகிற வைகைகூடக் கடலோடு அவ்வளவாக உறவு கொண்டாடாத நதி. வழியிலுள்ள கண்மாய்களையெல்லாம் நிரப்பிவிட்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கிவிடும். வெள்ளகாலத்தில் மிஞ்சினால்தான் சமுத்திரராஜனுக்குப் பங்கு.

அப்படிப்பட்ட ஊரில், மாசி வீதிச் சந்து ஒன்றின் மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கல்லூரி மாணவன் அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஆழத்தில் இன்றைக்கு மூச்சை அடக்கி ஒளிந்திருக்க முடிகிறது. கம்ப்யூட்டர் செய்த மாயம் அது. 1996-இல் 'சைலண்ட் ஹண்டர்' என்றொரு நீர்மூழ்கி விளையாட்டு வெளிவந்தது. பசிபிக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகள் நடத்திய யுத்தம் அதன் களம். 2005-இல் வந்த அதன் மூன்றாம் பாகம், ஜெர்மானிய நீர்மூழ்கித் தளபதியின் நாற்காலியில் நம் பிள்ளைகளை உட்கார வைத்தது.

மற்ற யுத்த விளையாட்டுகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றில் சுடத் தெரிந்தால் போதும். இதில் சுடுவது சில நிமிஷ வேலை. சுட்டபிறகு ஒளிவதுதான் மணிக்கணக்கான வேலை. ஒளியத் தெரியாதவனுக்கு இரண்டாவது முறை சுட வாய்ப்பே கிடையாது.

இங்கேதான் தமிழ் மனத்துக்கு ஒரு சங்கடம் வருகிறது. நாம் புறமுதுகு காட்டுவதை இழிவென்று எண்ணிப் பழகியவர்கள். வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் துளைத்துவிட்டதே என்பதற்காக, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிரை விட்டான் என்று படித்து நெஞ்சு விம்மியவர்கள். அந்த மரபில் வந்தவனிடம் போய், 'கடலுக்கடியில் சத்தமில்லாமல் பதுங்கிக் கிடப்பதும் வீரம்தான்' என்று சொன்னால் ஒப்புக்கொள்வானா?

ஒப்புக்கொள்வதற்கும் நம்மிடமே நியாயம் இருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கிடாமுட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கிடா பின்னால் போவது பயத்தினால் அல்ல, முட்டுவதற்காக. காலமறிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் எடுத்துக் காட்டுவதும் இந்தக் கிடாவைத்தான். 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், உடனே வாளை உருவிக்கொண்டு கும்பினிப் படையின் நடுவே பாய்ந்திருந்தால் ஒரு வீரமரணம் கிடைத்திருக்கும், சிவகங்கை கிடைத்திராது. மகளை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிக்குப் போனார். எட்டு வருஷம் காத்திருந்தார். ஹைதர் அலியின் துணையைத் தேடிக்கொண்டார். 1780-இல் திரும்பி வந்து சீமையை மீட்டார். அந்த எட்டு வருஷ மறைவு வாழ்வைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா?

நீர்மூழ்கியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டாம் உலக யுத்தத்து நீர்மூழ்கி உண்மையில் மீனல்ல, முதலையுமல்ல. பெரும்பொழுதும் கடல்மட்டத்தில் டீசல் எஞ்சினால் ஓடி, ஆபத்து வரும்போது மட்டும் மூழ்கும் ஒரு கப்பல். மூழ்கிவிட்டால் எஞ்சினுக்குக் காற்று கிடையாது, பாட்டரிதான் கதி. ஜெர்மனி மிக அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கி, தண்ணீருக்கடியில் மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் போனால் சுமார் 80 மைல் போகும். அதன் உச்ச வேகம் ஏழரை மைலை ஒட்டியது. அந்த வேகத்தில் ஓடினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாட்டரி உயிரை விட்டுவிடும். மேலே துரத்துகிற நாசகாரிக் கப்பலோ முப்பது மைலுக்கு மேல் பறக்கக் கூடியது. ஆகவே விளையாட்டில் புதிதாக இறங்கும் பையன் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது: ஓடித் தப்ப முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? சத்தத்தைக் குறைக்க வேண்டும். நீருக்கடியில் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை. துரத்துகிற கப்பல் ஒலி அலையை அனுப்பி, அது முட்டித் திரும்புகிற எதிரொலியைக் கேட்கிறது. வெறுமனே காதைத் தீட்டிக்கொண்டு நீர்மூழ்கியின் இரைச்சலுக்காகவும் காத்திருக்கிறது. எனவே சுழல்விசிறியை மெல்லச் சுழலவிட வேண்டும். பம்புகளை நிறுத்த வேண்டும். மாலுமிகள் வாய் பேசக் கூடாது. ஒரு ஸ்பானர்கூடக் கைதவறித் தரையில் விழக் கூடாது. எதிரியின் பக்கம் கப்பலின் நீளப் பக்கத்தைக் காட்டாமல் வாலையோ மூக்கையோ காட்டினால் எதிரொலியும் சிறுத்துப் போகும். கடலில் மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீரும் அடுக்கடுக்காக இருக்கும் இடங்கள் உண்டு. அந்த எல்லையில் ஒலி வளைந்து திசைமாறும். அந்த அடுக்குக்குக் கீழே இறங்கிவிட்டவன் கதவைச் சாத்திக்கொண்டவன் மாதிரி.

இவ்வளவு செய்தும் எதிரி தலைக்கு நேரே வந்துவிட்டால்? அப்போதும் ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்துக் கப்பலின் ஒலிக்கருவி முன்பக்கமாகச் சாய்ந்து பார்ப்பது. இலக்குக்கு மிக நெருங்கி, அதன் மேலேயே வந்துவிடும்போது எதிரொலி அதற்குக் கிடைக்காது. குண்டு போடுகிற தருணத்தில் அவன் குருடன். அனுபவமுள்ள தளபதி அந்தச் சில விநாடிகளுக்காகவே காத்திருப்பான். குண்டுகள் வெடித்துக் கடலே கொந்தளிக்கும்போது தன் சத்தத்தை அந்தப் பெருஞ்சத்தத்தில் மறைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டி, சட்டென்று திரும்பிவிடுவான். ஓசை அடங்கும்போது அவனும் அடங்கிவிடுவான். 1942 முதல் ஜெர்மானியர்கள் இன்னொரு வித்தையும் செய்தார்கள். தண்ணீரில் பட்டதும் நுரைத்துக் குமிழிடும் ஒரு ரசாயனப் பொட்டலத்தைக் கடலில் விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எதிரியின் ஒலி அந்தக் குமிழிக் கூட்டத்தில் முட்டித் திரும்பும். அவன் அதையே கப்பலென்று நம்புவான். வாலை அறுத்துப் போட்டுவிட்டுப் பல்லி தப்புகிறதே, அதே சாமர்த்தியம்.

இத்தனை தந்திரங்களுக்கும் அடியிலிருப்பது ஒரே சங்கதி. எதிரி எதை நம்பிக்கொண்டிருக்கிறான் என்று அறிந்து, அந்த நம்பிக்கைக்குள் அவனை விட்டுவிட்டு நாம் வெளியேறுவது.

இதைச் சென்னைப் பட்டணத்துக்கு முதலில் கற்பித்தவன் எம்டன். எம்டனை நீர்மூழ்கி என்று சொல்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அது தவறு, எம்டன் கடல்மீது ஓடிய யுத்தக் கப்பல். ஆனால் மறைவதில் நீர்மூழ்கிக்கு அண்ணன். அதற்கு மூன்று புகைபோக்கிகள். நான்கு புகைபோக்கியுடைய பிரிட்டிஷ் கப்பலைப்போல் தோன்றுவதற்காகக் கான்வாஸ் துணியால் நான்காவது ஒன்றைக் கட்டி நிறுத்திக்கொண்டான், அதன் தளபதி கார்ல் ஃபான் முல்லர். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு எம்டன் இருட்டில் கரைந்துவிட்டது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். 'அவன் எம்டனாச்சே!' என்று நாம் சொல்லும் வார்த்தை அன்று பிறந்தது.

அந்த எம்டனும் ஒரு நாள் அகப்பட்டது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போய், கரைக்கு ஆட்களை இறக்கிவிட்டு நின்றது. அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று நிலையத்தார் செய்தியனுப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்து அதை நாசமாக்கியது. ஓடிக்கொண்டிருந்தவரை எம்டன் எம்டனாக இருந்தது. ஓரிடத்தில் நின்றதும் அதன் கதை முடிந்தது.

நம்மவர் ஒருவர் நிஜமாகவே நீர்மூழ்கியில் மறைந்து சென்ற கதையும் உண்டு. 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்து ஜனசமுத்திரத்தின் நடுவே நின்ற சுபாஷ் சந்திர போஸ், 1943 பிப்ரவரி 9-ஆம் தேதி ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் ஒரு நீர்மூழ்கிக்குள் இறங்கினார். யு-180 என்பது அதன் பெயர். துணைக்கு ஆபித் ஹசன் ஒருவர்தான். பிரிட்டிஷ் கப்பல்களும் விமானங்களும் காவல் காக்கும் அட்லாண்டிக்கைக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தார்கள். டீசல் நாற்றமும் புழுக்கமும் நிறைந்த இரும்புக் குழாயில் இரண்டரை மாதத்துக்கு மேல் வாசம். ஏப்ரல் 28-ஆம் தேதி மடகாஸ்கருக்கு அப்பால், அலை புரளும் கடலில் ரப்பர்ப் படகேறி, ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29-க்கு மாறினார். மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங்கில் கரையேறினார். ஜூலையில் அவர் சிங்கப்பூரில் தலைமையேற்றபோது, மலேயாவின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரின் எதிர்பார்ப்பும் ஒரு நீர்மூழ்கித் தளபதியின் நிதானத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நேதாஜியைச் சுமந்த இரண்டு கப்பல்களும் அடுத்த ஆண்டைத் தாண்டவில்லை. 1944 ஆகஸ்டில் யு-180 பிஸ்கே விரிகுடாவில் அத்தனை பேருடனும் மறைந்து போயிற்று. ஐ-29-ஐ 1944 ஜூலையில் பிலிப்பைன்ஸுக்கு வடக்கே ஓர் அமெரிக்க நீர்மூழ்கி காத்திருந்து அடித்தது. அது எந்த வழியாக வரும் என்று அமெரிக்கருக்கு எப்படித் தெரிந்தது? ஜப்பானியரின் ரகசியத் தந்திச் செய்திகளை அவர்கள் படித்துவிட்டிருந்தார்கள். கடலுக்கடியில் எவ்வளவு மௌனமாக இருந்தால் என்ன, காற்றில் வாயைத் திறந்தாயிற்றே!

வாயைத் திறந்தால் ஆபத்து என்பதைத் தலைகீழாகத் திருப்பி, வேண்டுமென்றே வாயைத் திறந்து எதிரியை ஏமாற்றியவர் ஒரு நாகர்கோயில்காரர். 1971-இல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்தான் அவர். பங்களாதேஷ் யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மிடமிருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஜி, நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பி, தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு வந்தது. விக்ராந்தின் கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் ஓட அதனால் முடியாது. ஓடித் தப்ப முடியாதவன் ஒளிந்துதான் ஆகவேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த நிலைமை ஒரு பெரிய கப்பலுக்கே வந்துவிட்டது.

விக்ராந்தை அந்தமானில் ஓர் ஒதுக்கமான துறைக்கு அனுப்பி, வாய் திறக்காதே என்றார்கள். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் ஒன்று ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தது. அதை விக்ராந்தாக வேஷம் கட்டச் சொன்னார்கள். பெரிய கப்பலுக்கு உரிய தோரணையில் அது ஓயாமல் வானொலியில் பேசிற்று. விசாகப்பட்டினத்துக் கடைத்தெருவில், ஒரு பெரும் கப்பற்படைக்குத் தேவையான அளவு மாமிசமும் காய்கறியும் வேண்டுமென்று சொல்லி வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் சிகரமாக, விக்ராந்தின் மாலுமி ஒருவன் தன் தாயாரின் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிப்பதாகச் சங்கேதமில்லாத தந்தி ஒன்றைப் பறக்கவிட்டார்கள். நாவல் எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தத் தந்திக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆயிரம் டன் எஃகை எதிரி சந்தேகிக்கலாம். தாயின் நோய்க்கு வருந்தும் மகனை யார் சந்தேகிப்பார்கள்?

காஜி விசாகப்பட்டினத்தின் வாசலுக்கு வந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. வாசலில் நீர்மூழ்கி காத்திருக்கக் கூடும் என்று கணித்த அதன் தளபதி இந்தர் சிங், வேகத்தைக் கூட்டினார். தண்ணீரில் ஏதோ கலக்கம் தெரிந்த இடத்தில் இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளை வீசிவிட்டுப் போனார். சற்றைக்கெல்லாம் கரையிலுள்ள ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்படி கடலுக்குள் ஒரு வெடி கேட்டது. ராஜ்புத்தின் குண்டினால் காஜி அழிந்தது என்பது நம் கடற்படையின் கூற்று. தான் புதைத்த கண்ணிவெடியினாலோ, உள்ளே நேர்ந்த விபத்தினாலோ அழிந்தது என்பது பாகிஸ்தானின் கூற்று. எது உண்மையானாலும், அந்த இடத்துக்கு அதை இழுத்து வந்தது விக்ராந்த் அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கைதான். அந்த விக்ராந்தோ டிசம்பர் 4-ஆம் தேதி காக்ஸ் பஜாரை நோக்கி விமானங்களை ஏவியது.

காஜியில் 90-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை. தந்தியில் வந்த தாய் கற்பனைத் தாய். ஆனால் கராச்சியிலும் மற்ற ஊர்களிலும் பிள்ளையின் செய்திக்காகக் காத்திருந்த தாய்மார்கள் கற்பனையல்லவே. வெற்றியைக் கொண்டாடும்போதும் இந்த ஒரு முள் நெஞ்சில் தைக்கத்தான் செய்கிறது, தைக்கட்டும்.

ஐந்தே நாளில் முள் நம் பக்கமும் தைத்தது. டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, டையூ கடற்கரைக்கு அப்பால் குக்ரி, கிர்பான் என்ற நம் கப்பல்கள் இரண்டு ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தன. ஒலிக்கருவியின் கேட்கும் எல்லையைக் கூட்டுவதற்காகக் குக்ரியில் ஒரு புதிய சாதனத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அதற்காக வேகம் குறைக்கப்பட்டிருந்தது. நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் மெல்லப் போக வேண்டும். தப்ப வேண்டுமென்றால் விரைந்து போக வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் வாய்க்காது. ஹாங்கோர் முதலில் கிர்பானுக்கு விட்ட டார்ப்பீடோ வெடிக்காமல் அடியில் போய்விட்டது. இரண்டாவது குக்ரியைப் பிளந்தது. கிர்பான் விரைந்து விலகித் தப்பியது. பிறகு நம் கப்பல்களும் விமானங்களும் பல நாட்கள் வலைபோட்டுத் தேடியும், ஹாங்கோர் ஆழத்தில் அடங்கிக் கிடந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிரியின் சாமர்த்தியமானாலும் சாமர்த்தியம் சாமர்த்தியம்தான்.

சில நிமிஷங்களில் குக்ரி மூழ்கியது. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர் போனார்கள். அதன் தளபதி காப்டன் மகேந்திரநாத் முல்லா, முடிந்தவரை ஆட்களைக் கடலில் குதித்துத் தப்பச் செய்தார். தம்முடைய மிதவைச் சட்டையையும் ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். தாம் மட்டும் கப்பலோடு இருந்துவிட்டார். மூழ்கும் கப்பலின் தளபதி மேடையில் அவர் அமர்ந்திருந்ததைக் கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எதிரியின் குண்டிலிருந்து தப்பும் வித்தையை ஆயுள் முழுதும் கற்றவர், தப்ப வழியிருந்தபோது ஏன் தப்பவில்லை? எனக்குத் தோன்றுவது இது. அந்த வித்தை அவருக்காகக் கற்றதல்ல. கப்பலுக்காகவும் அதிலிருந்த மனிதருக்காகவும் கற்றது. கப்பல் இருக்கும்வரை ஒளிவதும் வளைவதும் விலகுவதும் தளபதியின் கடமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கப்பல் போனபிறகு தன் ஒருவனுக்காக மட்டும் தப்புவதைத்தான் அவர் மனம் ஒப்பவில்லை. விருப்பாட்சியில் எட்டு ஆண்டு மறைந்திருந்த வேலு நாச்சியாரும், நகராமல் உட்கார்ந்திருந்த முல்லாவும் எதிரெதிர்க் காரியம் செய்தவர்கள் அல்லர். இரண்டு பேரும் யாருக்காகச் செய்தார்கள் என்று பாருங்கள், ஒரே காரியம்தான்.

கம்ப்யூட்டர் விளையாட்டு பிள்ளைகளுக்கு முதல் பாதியை நன்றாகவே கற்றுத்தருகிறது. பொறுமை, மௌனம், எதிரியின் மனத்தை அறிதல் எல்லாம் அதில் உண்டு. கப்பல் மூழ்கிவிட்டால் ஒரு பொத்தானைத் தட்டி மறுபடியும் புறப்படலாம். இரண்டாம் பாதிக்கு அதில் இடமில்லை. அதைச் சரித்திரத்தில்தான் படிக்க வேண்டும்.

மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலியைத் தாண்டிப் போனால் விஜயநாராயணம் என்ற ஊர் வருகிறது. பனைமரமும் செம்மண்ணுமாக வறண்ட பூமி. அங்கே கடற்படையின் நிலையம் ஒன்று 1990 முதல் இயங்கி வருகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது அனுப்பும் வானொலி அலை கடல்நீருக்குள்ளும் சில மீட்டர் ஆழம் இறங்கும். மூழ்கிக் கிடக்கும் நம் நீர்மூழ்கிகள் மேலே வராமலே அதைக் கேட்கும். பதில் சொல்லா, சொன்னால் இருக்குமிடம் தெரிந்துவிடும். அந்த நிலையத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விட்டு வெளியேறி, புதுக்கோட்டைக் காட்டில் மறைந்திருந்து, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேறிய கட்டபொம்மன்தான். நல்லபடியாக ஒளிந்திருக்கக் கொடுத்து வைக்காத அந்த மனிதனின் பெயரில், இன்றும் நள்ளிரவில் அந்தப் பனங்காட்டிலிருந்து ஒரு குரல் கடலுக்குள் போகிறது. ஆழத்தில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.